பதினேழாவது குறை

"ஒரு புத்தகம் நல்லதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது, அம்மா?"

கேட்டவர் சங்கரநயினார். புள்ளியியல் பேராசிரியர். இருபத்தாறு வருஷமாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். வயது ஐம்பத்திரண்டு.

அவர் அம்மா என்று அழைத்த தில்லைநாயகி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். கணக்கெடுப்புத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டுச் சிறுமலை அடிவாரத்தில் வந்து தங்கிவிட்டார். யாருக்கும் அவர் மந்திரம் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆனாலும் மனசு சரியில்லாதவர்கள் தேடி வந்தார்கள். வந்தவர்கள் அம்மா என்றார்கள். நயினாரும் நாலு வருஷமாக வருகிறார்.

தில்லைநாயகி கிணற்று மேட்டருகே உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் புத்தகம்?"

நயினார் பையிலிருந்து ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வைத்தார்.

"முதல் வருஷப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் அறிமுகம். தமிழ்வழியில படிக்கறவங்களுக்கு. பாடநூலா வைக்கலாமான்னு பல்கலைக்கழகத்துல என்கிட்ட கேட்டிருந்தாங்க."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"பதில் அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். வேண்டாம்னு எழுதினேன். அவங்களும் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

தில்லைநாயகி ஒரு அவரைக்காயை இரண்டாக ஒடித்தார்.

"முடிவு பண்ணினதுக்கு அப்புறம், எப்படி முடிவு பண்றதுன்னு கேக்க வந்திருக்கீங்க."

நயினார் கிணற்றைப் பார்த்தார்.

"என்ன எழுதினீங்க? வாசிங்க."

அறிக்கையின் நகல் சட்டைப்பையிலேயே இருந்தது. உண்மையைச் சொன்னால், அதை வாசித்துக் காட்டத்தான் அவர் வந்திருந்தார். சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள் என்று அம்மா ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதியாக ஊருக்குப் போகலாம் என்பது அவர் எண்ணம்.

வாசித்தார். மொத்தம் பதினேழு குறைகள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஒன்பதாம் பக்கத்து அட்டவணையில் கூட்டல் தவறு. பதினான்காம் பக்கத்துப் பட்டை வரைபடத்தில் பட்டைகளின் அகலம் சமமாக இல்லை. எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் நடு எண்ணான இடைநிலையை எப்படிக் காண்பது என்று சொல்லவில்லை. ஒரே அளவுக்கு இரண்டு இடங்களில் இரண்டு பெயர்கள். கலைச்சொல் பட்டியல் இல்லை. உதாரணங்கள் எல்லாம் மீன் ஏலமும் பேருந்துத் தாமதமுமாக இருக்கின்றன. பாடநூலுக்குரிய கண்ணியம் இல்லை.

ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்க அவர் குரல் நிமிர்ந்தது. பதினாறாவது முடிந்ததும் காகிதத்தை மடித்தார்.

"பதினேழுன்னு சொன்னீங்க."

"அதுவும் இது மாதிரிதான்."

"வாசிங்க."

மடித்த காகிதத்தை மறுபடி விரித்தார்.

"நூலாசிரியருக்கே அடிப்படைக் கருத்துகளில் தெளிவில்லை. ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் அவரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். நூலை நிராகரிக்க இந்த ஒரு காரணமே போதுமானது."

"அவங்க எதை வச்சு வேண்டாம்னாங்க?"

"இதை வச்சுத்தான். முடிவுக் கடிதத்துல இந்த ஒண்ணை மட்டும்தான் எடுத்துப் போட்டிருக்காங்க."

"மத்த பதினாறு?"

"அதெல்லாம் அடுத்த பதிப்புல திருத்திக்கலாமாம்."

தில்லைநாயகி முறத்தை ஓரமாக நகர்த்தினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐம்பத்தெட்டாம் பக்கத்தை வாசிங்க."

நயினார் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகம் தானாகவே அங்கேதான் திறந்தது.

"ஒவ்வோர் எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தோம். சில மேலே, சில கீழே. எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக்கொள்கிறோம். ஆனால் எதற்கு வர்க்கம்? கழித்தல் குறியை மட்டும் எடுத்துவிட்டால் போதாதா? முப்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இதற்குப் பாதிப் பதில்தான் எனக்குத் தெரியும். அதைக் கீழே எழுதியிருக்கிறேன். மீதிக்கு அரைப்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தோன்றுவதை அதில் எழுதுங்கள். முழுதாகத் தெரிந்தவர்கள் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். முகவரி கடைசிப் பக்கத்தில் இருக்கிறது."

கடைசி இரண்டு வரிகளை வாசிக்கும்போது அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கடிதம் போட்டீங்களா?"

"இல்லை."

"அறிக்கை எழுதிட்டீங்க."

நயினார் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு அந்தப் பதில் தெரியுமா?"

"தெரியாம எப்படி? அதாவது, வர்க்கப்படுத்தினா கணக்கு சுலபமாகும். சூத்திரம் ஒழுங்கா வரும்..."

"யாருக்குச் சுலபம்?"

அவர் மறுபடி தொடங்கினார். வேறு வழியில் போனார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார். கோட்டின் மேல் புள்ளி வைத்தார். அழித்தார். இன்னொரு கோடு போட்டார். தில்லைநாயகி அவசரப்படுத்தவில்லை. வெயில் கிணற்று மேட்டிலிருந்து இறங்கி நயினாரின் முதுகில் ஏறியது.

குச்சி நின்றது.

"பாதி தெரியும்."

"எந்தப் பாதி?"

நயினார் புத்தகத்தைப் பார்த்தார்.

"அவங்க எழுதியிருக்கற பாதிதான்."

தில்லைநாயகி கேட்காமலேயே அவர் சொன்னார்:

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம், வகுப்புல ஒரு பொண்ணு எழுந்து இதையேதான் கேட்டுச்சு. பரீட்சைக்கு வராது, உக்காருன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அந்தப் பொண்ணு எதுவும் கேக்கலை. மூணு வருஷமும் எதுவும் கேக்கலை."

"பேரு?"

"ஞாபகம் இல்லை, அம்மா."

இதைச் சொல்லும்போது அவர் காது மடல்கள் சிவந்துவிட்டன.

"பாடநூலா எதை எடுத்திருக்காங்க?"

"வேற ஒண்ணு. ஐந்நூறு பக்கம். ஒரு பிழைகூடக் கிடையாது. என் வகுப்புல ஆறு வருஷமா அதான்."

"படிக்கற பிள்ளைங்க உங்ககிட்ட என்ன கேப்பாங்க?"

நயினார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் வாடியது.

"எதுவும் கேக்க மாட்டாங்க."

தில்லைநாயகி எழுந்து உள்ளே போனார். ஒரு பேனாவோடு திரும்பி வந்தார். நயினாரின் மடியில் கிடந்த அறிக்கையின் மேல் அதை வைத்தார்.

"பதினெட்டாவதை எழுதுங்க."

"புத்தகத்துல வேற குறை இல்லை, அம்மா."

"புத்தகத்துலன்னு நான் சொல்லலை."

நயினார் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் விடைத்தாள்களில் தயங்காமல் எழுதிய கை அது. இப்போது ஒரு வரிக்கு அத்தனை நேரம் பிடித்தது. எழுதி முடித்ததும் காகிதத்தை நீட்டினார். தில்லைநாயகி வாங்கவில்லை.

"எனக்கு எதுக்கு? நான் புத்தகம் எழுதலையே."

அவர் முறத்தை மறுபடி அருகில் இழுத்துக்கொண்டார்.

நயினார் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். என் அறிக்கையின் பதினேழாவது குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது குறை அல்ல. பதினெட்டாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். நூலை மீண்டும் பரிசீலிக்கவும்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. முடிவு முடிவுதான். அடுத்த பரிசீலனை மூன்று வருடம் கழித்து. தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது.

அந்தப் பதிலை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். மறுநாள் விடிந்ததும் பேருந்து ஏறினார்.

அது ஒரு கடலோர ஊர். பெண்கள் கல்லூரி. ஆசிரியர்கள் அறையில் ஜன்னலோரமாக ஒருவர் உட்கார்ந்து நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தார். வெள்ளைப் பருத்திப் புடவை. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலில் நூல் சுற்றியிருந்தது. அவர்தான் ஜெபக்கனி, புத்தகத்தை எழுதியவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் என்று வாசலில் இருந்த காவலாளி சொல்லியிருந்தார்.

அடுத்த பரிசீலனைக்கான மூன்றிலிருந்து இரண்டைக் கழிக்க நயினாருக்குச் சூத்திரம் தேவைப்படவில்லை.

"வணக்கம். நான் சங்கரநயினார். உங்க புத்தகத்துக்கு..." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அறிக்கை எழுதினது நான்தான்."

பல்கலைக்கழகம் நூலாசிரியருக்கு அறிக்கையை அனுப்பும்; எழுதியவர் பெயரை யாருக்கும் சொல்வதில்லை. அதனால் ஜெபக்கனி ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க."

நயினார் உட்காரவில்லை.

ஜெபக்கனி மேஜை இழுப்பறையிலிருந்து தம் பிரதியை எடுத்தார். அதன் பக்கங்களில் சிவப்புப் பென்சில் அடையாளங்கள்.

"நானே உங்களைப் பார்க்கணும்னு இருந்தேன் சார், யாருன்னுதான் தெரியலை. அந்த அட்டவணைக் கூட்டலை முப்பது பேர் படிச்சாங்க. ஒருத்தர் கண்ணுலயும் படலை. பட்டை அகலமும் நீங்க சொன்னதுதான் சரி. இடைநிலையை எப்படி விட்டேன்னே தெரியலை. மீன் ஏலத்தை மட்டும் எடுக்க மனசு வரலை, மன்னிச்சுக்கோங்க. பாதிப் பிள்ளைங்க அந்த வீடுகள்லேருந்துதான் வர்றாங்க. மத்தது எல்லாம் திருத்திட்டேன்."

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக் காட்டினார். கடைசியில் ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்கு வந்தார். அங்கே சிவப்புக் கோடு எதுவும் இல்லை.

"இதை மட்டும் எப்படித் திருத்தறதுன்னு எனக்குப் புரியலை சார். நீங்களே சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினது தப்பா?"

அந்தக் கேள்வியில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். அதுதான் நயினாரால் தாங்க முடியாததாக இருந்தது.

நயினார் பையிலிருந்து அறிக்கையை எடுத்து, கடைசி வரி தெரியும்படி மடித்து, மேஜைமேல் வைத்தார்.

ஜெபக்கனி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

'பதினெட்டு: இந்த அறிக்கையை எழுதியவருக்கும் பாதிதான் தெரியும். அவர் அதை மறைத்துவிட்டார்.'

இரண்டு முறை வாசித்தார். காகிதத்தைத் திருப்பி வைத்தார். வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்க்கும் தைரியம் நயினாருக்கு இல்லை.

"பல்கலைக்கழகத்துக்கும் இதை அனுப்பிட்டேன்மா. ஆனா முடிவை மாத்த முடியாதுன்னுட்டாங்க. மூணு வருஷமாகுமாம்."

"அப்படியா."

ஜெபக்கனி திருத்திய நோட்டுகளை அடுக்கினார்.

மணி அடித்தது. ஜெபக்கனி சாக்பீஸை எடுத்துக்கொண்டார்.

"எனக்கு இப்ப முதல் வருஷத்துக்கு வகுப்பு சார். நீங்களும் வாங்க."

"நான் பிள்ளைங்க முன்னாடியே சொல்லிடறேன்மா. நான் செஞ்சதை."

"வாங்க சார். நேரமாச்சு."

வகுப்பில் நாற்பது பெண்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் அந்தப் புத்தகத்தின் ஜெராக்ஸ் பிரதி. மூலைகள் சுருண்டு, நூல் போட்டுத் தைத்தவை. ஐம்பத்தெட்டாம் பக்கம் திறந்திருந்த ஒரு பிரதி நயினார் கண்ணில் பட்டது. காலியாக விட்ட அரைப்பக்கம் நிரம்பி, ஓரங்களிலும் பொடி எழுத்தில் ஏறியிருந்தது.

அவர் பேச வாயெடுத்தார். ஜெபக்கனி முந்திக்கொண்டார்.

"பிள்ளைங்களா, இவங்க பேரு பேராசிரியர் சங்கரநயினார். நம்ம புத்தகத்தை எழுத்து எழுத்தா படிச்சு, பதினாறு தப்பைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தவங்க. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் பஸ்ல வந்திருக்காங்க."

நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். கை தட்டினார்கள். முதல் பெஞ்சில் இருந்த ஒரு பெண் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தாள்.

நயினார் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டபடி இரண்டு கைகளையும் சேர்த்து, தலைக்கு மேல் உயர்த்தினார்.

"வணக்கம் சார்" என்று நாற்பது பேரும் திருப்பிக் கும்பிட்டார்கள்.