தோகையப்பன் வகுப்பில் தொங்கிய வால்

சத்தியம்! சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால், நாளைக் காலையில் சூரியன் என் கொல்லையில் இறங்கிக் கோழிபோலக் குப்பையைக் கிளறட்டும். பிள்ளைகளே, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

ஒரு காட்டில், ஓடைக்கரை மருதமரத்தின் கீழே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வாத்தியார் தோகையப்பன் என்னும் மயில். அவருடைய வகுப்பில் அப்படியோர் அமைதி. எறும்பு கொட்டாவி விட்டால் கடைசி வரிசைவரை கேட்கும். ஒருமுறை அவ்வழியே வந்த மழை, சத்தம் போடக் கூச்சப்பட்டு, நுனிக்காலில் நடந்துபோய்ப் பக்கத்துக் காட்டில் பெய்தது.

அந்த அமைதிக்குக் காரணம் ஒரு வழக்கம். யாராவது தப்பாக விடை சொன்னால், வாத்தியார் தம் தோகையை ஒரு தட்டுத் தட்டுவார். உடனே வகுப்பு முழுவதும் சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பார்த்து "ஊ... ஊ..." போடவேண்டும்.

"வெட்கம் வந்தால் புத்தி வரும்" என்பார் வாத்தியார்.

வெட்கம் வந்தது. புத்தி வந்ததா என்பது தெரியவில்லை. அதன்பிறகுதான் யாரும் வாயே திறப்பதில்லையே!

ஒரே ஒரு பிள்ளையைத் தவிர. அது மருக்கொழுந்து என்னும் சருகுமான் குட்டி. முயலளவுதான் இருக்கும். எதைக் கண்டாலும் சட்டென்று சொல்லிவிடுவது அதன் குணம். ஒரு நாள் மரத்தில் தொங்கிய கொடியைப் பார்த்து, "ஐயா, சிறுத்தை வால்!" என்று கத்திவிட்டது. அன்று விழுந்த ஊவில் ஓடை மீன்கள் கரையேறி வந்து எட்டிப் பார்த்தன.

"ஏய் வாலாயி!" என்று பெயர் வைத்தான் குரங்குக்குட்டி தாவடி. "உன் வாய்க்கு ஒரு வால் கட்டிவிடட்டுமா?"

இனிமேல் செத்தாலும் வாய் திறப்பதில்லை என்று மருக்கொழுந்து முடிவு செய்தது.

மறுநாள் வாத்தியார் மரத்துக்கு முதுகைக் காட்டி அடிமரக்கட்டையில் நின்று, மழை வரும் அறிகுறிகளைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். மருக்கொழுந்து மெல்ல அண்ணாந்து பார்த்தது. பழைய கொடிக்குப் பக்கத்தில் இன்னொன்று தொங்கியது. அதன் நுனி கறுப்பு. காற்றே இல்லை, ஆனாலும் நுனி சுருண்டு விரிந்தது. வாத்தியாரின் தலைக்கு நேர் மேலே!

மருக்கொழுந்து யோசித்தது. சொல்லி, அது கொடியாகப் போனால் காலம் முழுவதும் வாலாயி. சொல்லாவிட்டால், வாத்தியார் போனார்.

அது பக்கத்தில் இருந்த முள்ளம்பன்றியிடம் கிசுகிசுத்தது: "முள்ளாண்டி, அது கொடியா?"

"கொடிதான். கொடியாகத்தான் இருக்கணும். என்கிட்ட ஏன் கேக்கறே?"

"அப்போ உன் முள்ளெல்லாம் ஏன் எழுந்து நிக்குது?"

"அது... வாத்தியாருக்கு மரியாதை."

"யார் அங்கே பேசுவது?" என்று சீறினார் வாத்தியார். "மருக்கொழுந்தா? எழுந்திரு! மேலே என்ன பார்வை?"

எழுந்தது. "ஐயா... வால்."

"நேற்றுச் சொன்னாயே, அதே வாலா?"

"இல்லைங்க ஐயா. நேத்தையது கொடி. இது வால். தப்பாயிருந்தா நாள் பூரா ஊ போடச் சொல்லுங்க. ஒரே ஒரு தரம் திரும்பிப் பாருங்க."

"குட்டி சொல்லி வாத்தியார் திரும்புவதா?" அவர் தோகையைத் தட்டினார்.

ஒருவரும் ஊ போடவில்லை. மறுபடியும் தட்டினார். தாவடி தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான்.

"ஐயா, எனக்கும் அது வால் மாதிரிதான் தெரியுது."

"எனக்கும்!" என்றது முள்ளாண்டி.

"வால்! வால்!" என்று வகுப்பே அலறியது.

வாத்தியார் பதறிப் பறக்கவும் சிறுத்தை பாயவும் சரியாக இருந்தது. உயிர் வாத்தியாருக்கு மிஞ்சியது. தோகை சிறுத்தையின் வாய்க்குப் போனது. தொண்டையில் இறகு சிக்கிச் சிறுத்தை இருமிக்கொண்டே ஓடியது. அந்த இருமலில் இரண்டு மலைகள் இடம் மாறி உட்கார்ந்தன.

பின்புறம் மொட்டையாகிப்போன வாத்தியார் கீழே இறங்கினார். "அதை எப்போது பார்த்தீர்கள்?"

"மரத்தில ஏறும்போதே பார்த்தோம் ஐயா," என்றான் தாவடி.

"எல்லாருமா?"

"மருக்கொழுந்தைத் தவிர எல்லாரும்தான்."

"பிறகு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

பேச்சு மூச்சு இல்லை. தாம் இத்தனை நாள் பெருமைப்பட்ட அதே அமைதிதான். இன்று ஏனோ அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசியில் முள்ளாண்டி முனகியது: "தப்பாப் போயிட்டா ஊ போடுவாங்களே ஐயா."

வாத்தியார் மறுபடி அடிமரக்கட்டையில் ஏறினார். பிறகு செருமினார். "சரி. முள்ளாண்டி, மழை வருமுன் எறும்பு என்ன செய்யும்?"

"குடை பிடிக்கும் ஐயா."

வாத்தியார் பழக்கதோஷத்தில் தோகையைத் தட்டப் போனார். தட்டுவதற்குத் தோகை இல்லை.

"ஏன் அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்டார்.

"வெள்ளையா எதையோ தலைக்கு மேலே தூக்கிட்டுப் போனதைப் பார்த்தேனே!"

"அது குடை இல்லைடா, முட்டை!" என்றது மருக்கொழுந்து. "மேட்டுக்குக் கொண்டுபோகுது."

"பாதி அவன் பார்த்தது, பாதி நீ பார்த்தது," என்றார் வாத்தியார். "விடை வந்துவிட்டது. இன்னும் யார் என்ன பார்த்தீர்கள்?"

அன்று அந்த வகுப்பில் எழுந்த கூச்சலில், ஒதுங்கிப் போயிருந்த மழை தைரியமாகத் திரும்பி வந்தது.

இதையெல்லாம் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள், கண்ணுகளா. தோகையப்பனுக்குத் தோகை மறுபடி முளைத்துவிட்டது. அலகோ முன்னைவிடக் கூர்மை.

நீதி: தவறினால் சிரிக்கும் இடத்தில், தெரிந்ததையும் யாரும் சொல்லமாட்டார்கள்.