கஸ்பார் எழுதாத பக்கம்

தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த அறையில் ஜெனோவா டீச்சர் மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தார். படிக்க வந்தவர்களில் கஸ்பார்தான் மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். டீச்சருக்கோ அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயது.

கஸ்பாரின் ஒரே மகன் ரெமிஜியுஸ், கப்பல் வேலைக்குப் போனவன் கடலோடு போய்விட்டான். மணிலாவில் இருந்த, தமிழ் தெரியாத பிலிப்பைன்ஸ்காரி மருமகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. இப்போது அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. 'அப்பாவைப் பற்றித் தாத்தா எழுத வேண்டுமாம், கேட்டுக்கொண்டே இருக்கிறாள்' என்று மருமகள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அதற்காகத்தான் ஒரு வருஷமாக இந்தப் படிப்பு.

டீச்சர் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாடம் நடந்தாலும் பத்து வாக்கியம் சொந்தமாக எழுதி வர வேண்டும். 'யார்' என்பதற்கான 'ஹூ' போட்டு ஓர் ஆளை இன்னார் என்று சொல்லும் பாடத்துக்குக் கஸ்பார் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. 'இப்படிச் செய்திருந்தால்' என்று சொல்லும் 'இஃப்' பாடத்துக்கு நாற்பது எழுதி வந்தார்.

"என்ன ஐயா, நோட்டையே முடிச்சிட்டீங்க!" என்று சிரித்தபடி வாங்கிய டீச்சர், படிக்கப் படிக்கச் சிரிப்பை நிறுத்தினார்.

நான் போகாதே என்று சொல்லியிருந்தால் அவன் இருந்திருப்பான். நானே அவனைக் கப்பலில் சேர்த்துவிடாமல் இருந்திருந்தால் அவன் இருந்திருப்பான். நாற்பதும் அதுதான்.

சிவப்புப் பேனா எங்கேயும் படவில்லை.

"தப்பு இருக்கா டீச்சர்?"

"இல்ல ஐயா."

"அப்ப இதையே அனுப்பிரட்டா? நாளைக்குத் தபால்ல போட்டாத்தான் பிள்ளை பிறந்தநாளுக்குப் போய்ச் சேரும்."

டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான்தான் உங்க பேத்தின்னு வச்சுக்கோங்க. வாசிங்க."

கஸ்பார் வாசித்தார். ஏழாவது வாக்கியத்தில் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் தாத்தா அழுவுறீங்க?"

"என் மகன நினைச்சும்மா."

"அவரு யாரு தாத்தா?"

கஸ்பார் நோட்டை மூடி வைத்தார்.

"அவன்... மழை பெஞ்சா செருப்பக் கழட்டிச் சட்டைக்குள்ள வச்சுக்குவான். செருப்பு நனையக் கூடாதாம். ஆளு தொப்பலா நனைஞ்சு வருவான்."

டீச்சர் நோட்டைப் புரட்டி, 'ஹூ' பாடத்துக்கு வெறுமையாகக் கிடந்த பக்கத்தைத் திறந்து அவர் மடியில் வைத்தார்.

"அப்புறம் தாத்தா?"