கொம்பையா கண்ணில் படாத வால் லைட்டு

திசையன்விளைக்குப் போகிற வழியில் காக்கைவிளை என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால், சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் கிடைக்க மாட்டார்களா என்று ஏங்குகிறவர்கள் ஒருமுறை அங்கே போய்விட்டு வரட்டும்.

அந்த ஊர்க் கொம்பையாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. தாய்மாமன் லிங்கத்துரை தன் மூத்த மகளையும் கொடுத்து, தான் ஓட்டிச் சலித்த காரையும் கொடுத்திருந்தார். மகளைக் கொடுத்தது கொடுத்ததுதான். காரை மட்டும், "வச்சு ஓட்டிக்கோ, பொறவு பாப்போம்" என்று சொல்லியிருந்தார். கொம்பையாவுக்கு அந்தக் கார் மேல் கொள்ளைப் பிரியம். தேங்காய் வாங்கப் போனாலும் காரில்தான் போவான். தேங்காய்க் கடை எதிர்வீட்டில் இருந்தது.

ஒருநாள் காரைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. கூட்டாளி தளவாயைக் கூப்பிட்டு, "மக்கா, பின்னால நின்னு வா வான்னு சொல்லு" என்றான். தளவாய் நின்று, "வா, வா" என்றான். கார் மதில் சுவரில் மோதி இரண்டு வால் லைட்டும் பொடிப்பொடியான பிறகும் "வா, வா" என்றான். நிறுத்தச் சொல்லி அவனிடம் யாரும் சொல்லவில்லை.

விஷயம் லிங்கத்துரை காதுக்குப் போனது. மொபெட்டில் வந்து இறங்கியவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் மருமகனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, இன்னொரு தடவ இந்த வண்டிக்குப் பின்பக்கம் இடி விழுந்துச்சு, சாவிய வாங்கி ஒன் சகலைகிட்ட குடுத்துருவேன், பாத்துக்கோ. புது லைட்டு வாங்கி மாட்டு. ஞாயித்துக்கிழம சாயங்காலம் வாரேன். அவன் சொன்னான், இவன் சொன்னான்னு எங்கிட்ட வரக்கூடாது. பிரேக்க நீயே மிதிக்கணும். எரியுதான்னு ஒன் ரெண்டு கண்ணால நீயே பாக்கணும். பாத்த பொறவுதான் எங்கிட்ட பேசணும்."

சகலை என்ற சொல்லே கொம்பையாவுக்கு ஆகாது. சகலை நாகர்கோவிலில் பேங்கு வேலை பார்க்கிறவன். விசேஷ வீடுகளுக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, காரை ஒருதரம் சுற்றிப் பார்த்து, "மைலேஜ் என்ன குடுக்கு?" என்று கேட்பான். அந்தக் கேள்வியில் இருக்கிற ஆசை கொம்பையாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே புது லைட்டுப் பெட்டியை வாசலில் வைத்துப் பிரித்தார்கள். தளவாய்க்குக் குரல் நன்றாக இருக்கும் என்பதால், பெட்டியில் போட்டிருந்ததை அவன் படித்தான். மூன்றாவது கூட்டாளி சித்திரைவேல் திருப்புளி பிடித்தான்.

"வேலை தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றவும்" என்று தளவாய் முழங்கினான்.

கழற்றினார்கள். ஆனால் பேட்டரி காருக்குப் பக்கத்திலேயே இருந்தது சித்திரைவேலுக்குச் சரியாகப் படவில்லை. "பிரிச்சாச்சுன்னா பிரிச்சதுதான். பக்கத்துல வச்சா பிரிச்ச மாதிரியா இருக்கு?" என்றான். அதுவும் நியாயம்தான் என்று பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் அவன் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

"கழற்றிய ஸ்குரூக்களைப் பத்திரமான இடத்தில் வைக்கவும்."

கொம்பையா வீட்டில் பத்திரமான இடம் என்றால் பீரோ லாக்கர் ஒன்றுதான். ஸ்குரூக்களைக் கைக்குட்டையில் முடிந்து, மனைவி சொர்ணக்கிளியின் இரட்டைவடச் சங்கிலிக்குப் பக்கத்தில் வைத்து லாக்கரை அழுத்தி மூடினான். அது மூடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். சாவி சொர்ணக்கிளியின் இடுப்பில் இருந்தது. சொர்ணக்கிளி உவரியில் ஒரு காதுகுத்து வீட்டில் இருந்தாள்.

"இதவிடப் பத்திரமா எவனாலயும் வைக்க முடியாது" என்று தளவாய் மனதாரப் பாராட்டினான். பிறகு ஒயரைச் சொருகி, புது லைட்டு இரண்டையும் துணி காயப்போடும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள்.

கொம்பையா உட்கார்ந்து பிரேக்கை மிதித்தான். எரியவில்லை. லைட்டைத் துடைத்துவிட்டு மிதித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தான். அந்த நேரம் பார்த்து சித்திரைவேல் வீட்டுக்காரி பேட்டரியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "வீட்டுக்குள்ள நடக்க எடமில்ல. எங்க இருந்து எடுத்தியளோ அங்கனயே வையுங்க" என்றாள். அவள் சொன்னபடியே எடுத்த இடத்தில் வைத்தார்கள். எப்படி மாட்டியிருந்ததோ அப்படியே மாட்டவும் செய்தார்கள்.

கொம்பையா பிரேக்கை மிதித்தான்.

"எரியுது மக்கா" என்றான் பின்னால் நின்ற தளவாய்.

கொம்பையாவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கதவைத் திறந்து குதித்துப் பின்னால் ஓடினான். லைட்டு இரண்டும் அணைந்து கிடந்தன.

"எங்கலே எரியுது?"

"இப்பந்தான் எரிஞ்சுது. நீ வரவும் அணைஞ்சிட்டு."

மறுபடி மிதித்தான். மறுபடி ஓடினான். மறுபடி அணைந்து கிடந்தது. எத்தனை வேகமாக ஓடினாலும் அந்த லைட்டு அவனை முந்திக்கொண்டது. மூச்சு வாங்கி, மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணுக்குள் சகலையும் அவன் மைலேஜும் வந்து போனார்கள்.

"நான் மிதிக்கேன், நீ பாரு" என்றான் தளவாய்.

"பிரேக்க நீயே மிதிக்கணும்னு மாமா சொன்னாருல்லா?"

"அப்ப நீ மிதி, நான் பாத்துச் சொல்லுதேன்."

"அவன் சொன்னான் இவன் சொன்னான்னு வரக்கூடாதுன்னும் சொன்னாரே."

மூவரும் தரையில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"பிரேக்குல ஒரு செங்கல்ல வச்சா?" என்றான் சித்திரைவேல்.

"செங்கல் மிதிச்சா அது செங்கல் கணக்கு. என் கணக்குல வராது."

காரைப் பின்பக்கம் சுவரைப் பார்த்தபடி நிறுத்தி மிதித்துப் பார்த்தார்கள். கொம்பையா கழுத்தைத் திருப்பிப் பார்த்தான். சுவர் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ஒரு நிமிஷம் அவனுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. தளவாய் தலையை ஆட்டி அதைக் கெடுத்தான். "செவுருல்லா மக்கா எரியுது? செவுரு எரியுதான்னா ஒங்க மாமா கேட்டாரு?"

பிரச்சினை ஓட்டத்தில்தான் இருக்கிறது என்று முடிவானது. சித்திரைவேல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடிப் பரிசு வாங்கியவன். ஆகவே அவன் பேச்சை மற்ற இருவரும் மரியாதையோடு கேட்டார்கள்.

"நீ மிதிச்சிட்டு ஓடுத. அதான் தப்பு" என்றான் சித்திரைவேல். "மிதிக்கதுக்கு முன்னாலயே ஓட ஆரம்பிச்சிரணும்."

கொம்பையா அப்படியும் செய்து பார்த்தான். காருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்த பிறகுதான் பிரேக்கை மிதிக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்ப ஓடி வந்து மிதித்தான்.

"இப்ப எரியுது" என்றான் தளவாய்.

"தூரந்தான் கூடிப்போச்சு" என்றான் சித்திரைவேல், கதவையும் காரின் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்து. "சீட்டுல இருந்து பின்னால வர நாலு எட்டுக்கு மேல ஆவுது. லைட்ட முன்னால மாத்துனா தூரம் பாதி."

அந்த ஊரில் இப்படி ஒரு யோசனை வருவது அபூர்வம். கோயில் கொடைத் திருவிழாவுக்கு சீரியல் செட் போட்டதில் மிஞ்சிய ஒயரை நீட்டி ஒட்டி, இரண்டு வால் லைட்டையும் முன் பம்பரில் கட்டினார்கள். கொம்பையா மிதித்தான், குதித்தான், ஓடினான். லைட்டு இந்த முறையும் ஒரு நொடி முந்திக்கொண்டது. ஆனால் முன்னைக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை, இன்னும் நாலு நாள் பழகினால் பிடித்துவிடலாம் என்று மூவருக்கும் நம்பிக்கை வந்தது. நாலு நாள்தான் இல்லை. தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது.

லிங்கத்துரை இறங்கி காரை ஒரு சுற்று சுற்றினார். "வால் லைட்டு ஏம்டே மூஞ்சியில தொங்குது?"

கொம்பையா ஒன்றும் விடாமல் நடந்ததைச் சொன்னான். தூரத்தைச் சொன்னான், செங்கலைச் சொன்னான், சுவரையும் சொன்னான். லிங்கத்துரை மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். அவரும் காக்கைவிளையில் பிறந்து வளர்ந்தவர்தான்.

"எல்லாஞ் சரி. ஆனா வால் லைட்டு பின்னாலதானே இருக்கணும்?"

"அதுக்கென்ன அண்ணாச்சி" என்றான் தளவாய். "வண்டிய ரிவர்ஸ்ல ஓட்டுனா, இந்தப் பக்கம் பின்பக்கம் ஆயிருதுல்லா?"

லிங்கத்துரை காரை முன்னும் பின்னும் போய்ப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. "அப்ப பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் ஓட்டு. நான் மொபெட்டுல பின்னாலயே வாரேன். மொதல்ல என் ரெண்டு கண்ணால பாக்கேன். பொறவு நீ பாக்கதப் பத்திப் பேசுவோம். இல்லன்னா சாவிய எடுத்துக்கிட்டுப் போயிருவேன்."

கார் பின்னோக்கிக் கிளம்பியது. கொம்பையா கழுத்தைத் திருப்பி வழி பார்த்து ஓட்டினான். பானெட்டுக்கு எதிரே, மாமனார் மொபெட்டில் குனிந்து, இரண்டு கண்ணையும் லைட்டிலேயே வைத்துக்கொண்டு வந்தார். தளவாயும் சித்திரைவேலும் பக்கத்தில் ஓடி வந்தார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

கிணற்று முக்கில் ஒரு கோழி குறுக்கே வந்தது. கொம்பையா பிரேக்கைத் தொட்டான்.

"எரியுதுடே மாப்ளே" என்று கத்தினார் லிங்கத்துரை. "ரத்தச் செவப்பா எரியுது."

கொம்பையாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கதவைத் திறந்து குதித்து, காருக்கு முன்னால் ஓடினான். லைட்டைப் பார்க்கச் சொன்னதால் லைட்டையே பார்த்துக்கொண்டு வந்த லிங்கத்துரை, மொபெட்டோடு வந்து பம்பரில் மோதி, பக்கத்துச் சாணிக் குவியலில் மெத்தென்று விழுந்தார்.

கொம்பையாவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பயம். மாமாவுக்கு அடிபட்டதே என்று ஒரு பயம். இடி விழுந்துவிட்டதே என்று அதைவிடப் பெரிய பயம். சட்டைப் பையிலிருந்த காரின் மாற்றுச் சாவியை வெளியே எடுத்து, மாமாவிடம் நீட்டியபடி நின்றான்.

"பின்பக்கம் இடி விழுந்தா சாவிய வாங்கிருவேன்னு சொன்னேனா இல்லியா?" என்றார் லிங்கத்துரை, படுத்தபடியே.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்றான் தளவாய். "ஓடுற வரைக்கும் இது பின்பக்கம். நிப்பாட்டுன பொறவு இது முன்பக்கந்தானே? நீங்க இடிச்சது நின்ன வண்டியயா, ஓடுன வண்டியயா?"

"நின்ன வண்டிய."

"அப்ப முன்பக்கந்தான்" என்றான் சித்திரைவேல்.

லிங்கத்துரை எழுந்து வேட்டியைத் தட்டினார். வாதத்தில் எங்கே தட்டலாம் என்று தேடிப் பார்த்து, கிடைக்காமல், நீட்டிய சாவியை மருமகன் பையிலேயே போட்டார். கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அது கெடக்கட்டும்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "நீ எறங்கி ஓடியாந்து பாத்தியே, எரிஞ்சுதா?"

"இல்ல மாமா. அணைஞ்சுதான் கெடந்துச்சு."

"எனக்கு எரிஞ்சுதே." லிங்கத்துரை காரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினார். "தள்ளி நில்லு. நீ சின்னப் புள்ள, ஓடத் தெரியாம ஓடுத. நான் ஒருக்க மிதிச்சிட்டு ஓடியாரேன்."