ஆற்றுப்பாறைக் கரிச்சானும் திருப்பிச் சொல்லாத மான்களும்

ஓர் ஆற்றின் இரு கரையிலும் காடு இருந்தது. இக்கரையில் புள்ளிமான்கள் மேய்ந்தன. அக்கரைக் குன்றில் ஒரு கருங்குரங்கு உட்கார்ந்து, செந்நாய்க் கூட்டம் எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்லும். ஆற்றின் இரைச்சலில் அதன் குரல் மான்களுக்கு எட்டாது.

நடு ஆற்றுப் பாறையில் ஒரு பட்டமரம். அதில் ஒரு கரிச்சான் குருவி இருந்தது. குரங்கு சொன்னதை வாங்கி மான்களுக்குச் சொல்வது அதன் வேலை. இரு கரைக்கும் வேறு பாலம் இல்லை. அதன் குரல்தான் பாலம்.

கரிச்சான் சேதிக்கு முன்னால் ஒரு ரகசியச் சீழ்க்கை அடிக்கும். மற்றவர்கள் கற்றுக்கொள்ளாதபடி அமாவாசைதோறும் அதை மாற்றி, மான்களின் காதருகே வந்து சொல்லிக் கொடுக்கும். மான்கள் கேட்ட சேதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடியும் கத்தும். ஒன்று முடியாமல் அடுத்த சேதிக்குப் போகாது.

"ஒன்றையே நாலு தரம் கத்துகிறாயே, நாங்கள் என்ன செவிடா?" என்று எரிந்து விழுந்தது மந்தைத் தலைவனான கிளைக்கொம்பன்.

"நீங்கள் ஒருதரம் திருப்பிச் சொன்னால் நான் ஏன் நாலு தரம் கத்துகிறேன்?"

"வாயில் புல் இருக்கிறது."

"விழுங்கிவிட்டுச் சொல்லுங்கள், தலைவரே."

இதைக் கேட்டு ஒரு நரி வந்தது. "அண்ணே, அந்த ரகசியச் சீழ்க்கைதான் எதற்கு? இந்தக் காட்டில் எல்லோரும் திருடர்களா? எனக்கே மனசு கஷ்டமாக இருக்கிறது" என்றது.

மான்கள் கூட்டம் போட்டன. சீழ்க்கை வேண்டாம், திருப்பிச் சொல்ல வேண்டாம், ஒருமுறைக்கு மேல் கத்தக் கூடாது என்று தீர்மானம் வந்தது. எல்லாம் அசைபோட்டபடியே தலையாட்டின.

"காதில் விழாமல் போனால்?" என்று கேட்டது செம்பி என்ற பெண்மான். அதற்குப் பால்குடி மறக்காத குட்டி ஒன்று இருந்தது.

"பக்கத்தில் நிற்பவர் கேட்டிருப்பார்" என்றது கிளைக்கொம்பன். பக்கத்தில் நின்றவரும் அப்படித்தான் நினைத்தார்.

கரிச்சான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். "போன கோடையில் செந்நாய் வந்தபோது உங்களைக் காப்பாற்றியது நான் நாலு தரம் கத்தியதுதானே?" என்றது.

"அதையே எத்தனை நாள் சொல்வாய்?"

மழைக்காலம் வந்தது. ஒருநாள் குரங்கு கூவியது: "செந்நாய், வடக்குத் துறையில்!" கரிச்சான் ஒருமுறை கத்தியது. அந்த நேரம் பார்த்து இடி இடித்தது. சேதி அதில் கரைந்தது. போய்ச் சேர்ந்ததா என்று அறியக் கரிச்சானுக்கு வழியில்லை.

செந்நாய் தின்ற மிச்சத்துக்காகக் காத்திருந்த நரி, புதருக்குள்ளிருந்து கரிச்சான் குரலில் கூவியது: "வடக்குத் துறை காலி. புல் இடுப்பளவு."

மான்கள் கிளம்பின. செம்பி மட்டும் பழக்க தோஷத்தில் உரக்கத் திருப்பிச் சொன்னது: "வடக்குத் துறை காலி."

கரிச்சான் அம்பாகப் பறந்து வந்தது. "நான் அப்படிச் சொல்லவில்லை! செந்நாய் அங்கேதான் இருக்கிறது!"

"ஒருமுறைக்கு மேல் கத்தக் கூடாது என்பது தீர்மானம்" என்று சொல்லிவிட்டுக் கிளைக்கொம்பன் முன்னே நடந்தது.

செம்பி குட்டியோடு திரும்பி ஓடியது. அதன் பின்னால் ஏழு மான்கள் ஓடின. மற்றவை தலைவன் பின்னால் போயின. அவற்றில் மூன்று திரும்பவில்லை.

மாலையில் கிளைக்கொம்பன் கிழிந்த காதோடு ஆற்றங்கரைக்கு வந்தது. "பழைய முறையே இருக்கட்டும்" என்றது.

கரிச்சான் அருகே வந்து புதிய சீழ்க்கை ஒன்றை மெதுவாக அடித்தது. பிறகு, "இது இல்லாமல் வரும் சேதி என்னுடையது அல்ல" என்றது.

கிளைக்கொம்பன் தலையை மட்டும் ஆட்டியது.

"இப்போது வாயில் புல் இல்லையே, தலைவரே. திருப்பிச் சொல்லுங்கள்."

கிளைக்கொம்பன் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னது.

சொன்னது யார் என்று பாராமலும், கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லச் சோம்பியும் இருப்பவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேராது.