கதவுக்குள் தண்ணீர்

தூத்துக்குடியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், பழைய கார்களைப் புதுப்பிக்கிற பட்டறை ஒன்று. அதன் மாஸ்டர் ஜெசிந்தாவுக்கு வயது நாற்பது. அவளிடம் தொழில் பழக வந்த தனுஷ்கோடிக்கு அறுபத்திரண்டு. கல்லூரியில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர்.

அவர் அவளை மாஸ்டர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அந்த ஊர்க் காற்றில் உப்பு உண்டு. தனுஷ்கோடியின் சொந்தக் கார் ஒரு நாள் பாளையங்கோட்டை ரோட்டில் அடித்தகடு பிய்ந்து உட்கார்ந்துவிட்டது. வெளியே ஒரு கீறல் கிடையாது. உள்ளே தகடு பொரித்த அப்பளமாய் நொறுங்கியிருந்தது. அன்று பிடித்தது அவருக்கு இந்தப் பைத்தியம்.

பட்டறைக்கு வந்த முதல் நாளே கேட்டார்.

"மாஸ்டர், கண்ணுக்குத் தெரியாத தகட்டுல துரு ஏறாம இருக்க என்ன செய்யணும்?"

"அந்தக் கதவைக் கழட்டுங்க அண்ணாச்சி."

கழட்டினார். இரண்டு வருஷம் கழட்டினார். துருவைச் சுரண்டினார், ரெட் ஆக்சைடு அடித்தார், மெழுகைக் காய்ச்சி வளைந்த குழாய் வழியே தகட்டின் மூலை முடுக்கெல்லாம் பீய்ச்சினார். கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. பதிலைத் தானே கண்டுபிடித்துவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டார்.

டாக்டர் மும்தாஜின் கார் வந்தபோது, நான்கு கதவுகளையும் ஜெசிந்தா அவரிடமே விட்டாள்.

"நான் எட்டிப் பாக்க மாட்டேன். தேறுச்சுன்னா அடுத்த வண்டி முழுசும் உங்க பொறுப்பு."

ஒரு மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

வேலை முடிந்த நாளில், காரின் சொந்தக்காரர் முன்னால் கதவில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது அந்தப் பட்டறை வழக்கம். மற்ற கார்களில் ஊற்றிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கதவின் அடியில் சொட்டுவதை தனுஷ்கோடி எத்தனையோ தடவை பார்த்திருந்தார். மாஸ்டர் கதவே ஒழுகுகிறதே என்று மனதுக்குள் வருந்தியும் இருந்தார்.

அவருடைய கதவு ஒழுகாது.

அந்த நாள் வந்தது. மயில்கழுத்து நீலத்தில் கார் வெயிலை வாங்கி வாங்கித் திருப்பி எறிந்தது. நாலு மணிக்குத் துறைமுக மைதானத்தில் பழைய கார்களின் கண்காட்சி. டாக்டர் மும்தாஜ் பகல் ஒரு மணிக்கே வந்துவிட்டார்.

"என்ன புரொபசரே, பரீட்சைக்குப் படிச்சீரா?" என்றான் வெல்டர் இசக்கி. "எத்தனை பேரைப் பெயிலாக்கின கை! இன்னைக்கு உமக்கு மார்க்கு."

"ஊத்துங்க மாஸ்டர்!" என்றார் தனுஷ்கோடி. நின்ற இடத்தில் அவர் கால்கள் நிற்கவில்லை.

ஜெசிந்தா கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றினாள். வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்தாள். காத்திருந்தாள். கதவின் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். காய்ந்திருந்தது.

"பாத்தியளா! ஒரு சொட்டு உண்டா? உங்க கதவுகூட ஒழுகும் மாஸ்டர், என் கதவு ஒழுகலை!"

இசக்கி விசிலடித்தான். டாக்டர் கை தட்டினார்.

"கண்ணாடியை இறக்குங்க," என்றாள் ஜெசிந்தா.

இறக்கினார்.

"ஏத்துங்க."

ஏற்றினார். மறுபடி ஊற்றினாள். மறுபடி இறக்கச் சொன்னாள். வாளி காலியாகும்வரை ஈரக் கண்ணாடி கதவுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது.

"இப்பக் கதவைச் சாத்துங்க. வேகமா."

சாத்தினார்.

களக்.

"எளனி கணக்கா இருக்கே!" என்றான் இசக்கி. யாரும் சிரிக்கவில்லை.

"அடியில மூணு ஓட்டை இருந்துச்சே, அண்ணாச்சி?"

"அடைச்சுட்டேன். பட்டி வச்சு, தேச்சு, மேல பெயின்ட். இருந்த எடமே தெரியாது." குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

"நாலு கதவுலயுமா?"

"நாலுலயும்." பெருமை தீர்ந்தது. "முன்னாடி செஞ்சவங்க விட்ட குறைன்னு நெனச்சேன். ரோட்டுத் தண்ணி அது வழியாத்தானே மேல தெறிக்கும்?"

"கண்ணாடி ஏறி இறங்குற இடுக்கு வழியா உள்ள போற தண்ணி வெளிய வர்றதும் அது வழியாத்தான், அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், ரெண்டு மணி ஆச்சு. இந்தச் சத்தம் அங்க யாருக்குக் கேக்கப் போகுது? இப்பக் கொண்டு போறேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

பட்டியைப் பெயர்த்தால் பெயின்டும் சேர்ந்து பெயரும். திரும்ப அடித்துக் காயவைக்க நேரமில்லை. பன்னிரண்டு இடத்தில் பல் போன வாயோடு அவருடைய முதல் கார் மைதானத்தில் நிற்கும். அடுத்த வண்டியும் கைவிட்டுப் போகும்.

"போகட்டுமா?" என்றாள் ஜெசிந்தா. "உங்க வேலை. நீங்க சொல்லுங்க."

தனுஷ்கோடி கதவை மெல்ல ஆட்டினார். உள்ளே, அவர் பார்த்துப் பார்த்து மெழுகு பூசிய இருட்டில், தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்த் திரும்பி வந்தது.

"இசக்கி, குத்தூசியும் சுத்தியலும் எடு."

தரையில் மல்லாந்து படுத்தார். முதல் அடியிலேயே நீலம் நகம் நகமாய்ப் பெயர்ந்தது. இரண்டாவது அடி. மூன்றாவது அடியில் தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது.

"வருது! மாஸ்டர், வருது!"

வாய்க்குள் போன தண்ணீரைத் துப்பிவிட்டுச் சிரித்தார். டாக்டர் மும்தாஜ் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். "இந்தப் பக்கம் சார், இந்தப் பக்கம்! சீக்கிரம்!" நாலு கதவும் முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு ஓட்டையின் விளிம்பிலும் விரலால் மெழுகு தடவினார். கடைசியாக அவரே ஒரு வாளி ஊற்றினார். கதவின் அடியில் மூன்று மெல்லிய கோடுகளாய்த் தண்ணீர் இறங்கியது. நான்கு பேரும் ஏதோ அருவிக்கு வந்தவர்கள் போல நின்று பார்த்தார்கள்.

"யாராவது கேட்டா என்ன சொல்ல?" என்றார் டாக்டர், காரைக் கிளப்பியபடி.

"நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க," என்றார் தனுஷ்கோடி.

கார் போயிற்று.

ஜெசிந்தா அடுத்த வண்டியின் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் நகரவில்லை. மூக்கு நுனியில் இன்னும் நீர் சொட்டியது.

"மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு. ஒரு சொட்டுகூட உள்ள போகாத கதவு செய்யவே முடியாதா?"

"செய்யலாம், அண்ணாச்சி."

"எப்படி?"

வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

"கண்ணாடியை இறக்கவே கூடாது."