சுவரோரப் பியானோ

“டீச்சர், இந்த ரெக்கார்டுல லீதியாள் வாசிச்சது கேக்கவே மாட்டேங்குது” என்றார் ஞானாதிக்கம்.

லீதியாள் அவர் மனைவி. அடக்கம் முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

பிலோமினா டீச்சர் வேப்பேரியில் மேற்கத்திய சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர். ஞானாதிக்கத்தைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் வயலினில் ஒரு சந்தேகம் என்றால் அவர் இங்கேதான் வருவார்.

டீச்சர் கிராமபோனுக்குச் சாவி கொடுத்தார். ஊசியை வைத்தார்.

ஞானாதிக்கத்தின் வயலின் கணீரென்று ஒலித்தது. அதற்கு அடியில் ஏதோ ஒரு முணுமுணுப்பு. பியானோவாக இருக்கலாம். ஊசியின் கீறலாகவும் இருக்கலாம்.

“வேற ஊசி போட்டுப் பாருங்க.”

போட்டார். அதே முணுமுணுப்பு.

“பியானோ பாகம் அவளே கட்டினது, டீச்சர். எழுதி வைக்கல. வெளியில எங்கேயும் வாசிக்க நான் கூட்டிட்டுப் போனதும் இல்ல. இந்த ஒரு தட்டுதான்.”

“பதிவு பண்ணும்போது நீங்க எங்க நின்னீங்க?”

“ஒலிய வாங்குற புனலுக்கு நேர் முன்னால.”

“அவங்க?”

“பியானோ சுவரோரமா இருந்துச்சு.”

“கிட்ட நகர்த்தச் சொல்லலையா?”

ஞானாதிக்கம் தரையைப் பார்த்தார்.

“அவ சொன்னா. ஆள் பிடிச்சுத் தள்ளணும், நேரமாகும்னு நான்தான்... ‘எனக்குக் கேக்குது, போதும்’னேன்.”

தட்டு ஓடி முடிந்தது. டீச்சர் ஊசியைத் தூக்கினார். எழுந்து போய்த் தன் பியானோவின் மூடியைத் திறந்தார்.

“உக்காருங்க. அவங்க பாகத்தை வாசிங்க.”

“எனக்குப் பியானோ வராதே.”

“ஒரு விரல் போதும்.”

உட்கார்ந்தார். தொட்டார். நான்கு சுரம் வந்தது. ஐந்தாவதும் வந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

மறுபடி முதலிலிருந்து. மறுபடி அங்கேயே நின்றது.

பதினெட்டு வருஷம் வீட்டுக் கூடத்தில் அவள் பக்கத்தில் நின்று வாசித்தவர். தன் வயலின் பாகம் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாது.

மூன்றாவது முறையும் அங்கேயே நின்றது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இதுக்கு மேல நீங்க சொல்லிக்கொடுங்க, டீச்சர்.”



“அவங்க வாசிச்சு நான் கேட்டதே இல்லையே” என்றார் டீச்சர்.