மை அடித்த வரிகள்

கடிதக் கட்டைச் சாமியின் முன்னால் வைத்தான் வேடியப்பன். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒரு பொய் சொல்ல உத்தரவு வேணும் சாமி."

சாமி மந்தாரை இலை தைத்துக்கொண்டிருந்தார். வயதில் வேடியப்பனைவிட நாலைந்து வருஷம் இளையவர். பர்மா சண்டை முடிந்து வந்த வேடியப்பன் வீட்டுக்குப் போகாமல் நேராக இந்த மலையடிவார மடத்துக்கு வந்தான். ஒன்றரை வருஷமாக இங்கேதான் இருக்கிறான். சாமி அவனைப் பட்டாளம் என்று கூப்பிடுவார்.

"பொய்க்கு உத்தரவு கேக்குற முதல் ஆள் நீதான் பட்டாளம். யாருகிட்ட சொல்லப்போற?"

வேடியப்பன் குளக்கரையைக் காட்டினான். அங்கே சாலம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவனுடைய மாமன் மகள். பட்டாளத்துக்குப் புறப்படும் முன் அவனுக்கு நிச்சயம் செய்த பெண். விடிந்ததும் கிளம்பி ஆறு மைல் தனியாக நடந்து வந்திருந்தாள். வந்தவள் சௌக்கியம் கேட்கவில்லை. கடிதக் கட்டை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்க போட்ட கடுதாசி முப்பத்தொண்ணு இருக்கு மாமா. ஆறுல மை அடிச்சிருக்கு. மைக்கு அடியில என்ன எழுதினீங்கன்னு சொல்லுங்க. வேற இடத்துல பொண்ணு கேட்டிருக்காங்க, அப்பா நாளைக்குப் பதில் சொல்லணும்."

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"மை யார் அடிச்சது?" என்றார் சாமி.

"கடுதாசி எல்லாத்தையும் ஓர் ஆபீசர் படிப்பார் சாமி. ஊர் பேரு, பாலம், எத்தனை பேர் இருக்கோம், இதெல்லாம் எழுதியிருந்தா கறுப்பு மை அடிச்சுத்தான் அனுப்புவார். எல்லாருக்கும் அப்படித்தான்."

"அந்த ஆறுலயும் அவர்தான் அடிச்சாரா?"

சாமி ஓர் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முதுகில் பூச்சி முட்டை இருந்தது. இலையைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

"நான்தான் அடிச்சேன்" என்றான் வேடியப்பன். "ஆறுலயும் ஒரே சங்கதிதான். ஒவ்வொரு தடவையும் நாலு வரி எழுதுவேன். எழுதினதும் அவ முகம் வந்து நிக்கும். கணக்கு எழுதுற ரைட்டர் மேசையில இருந்து மையை எடுத்து அடிச்சிருவேன். பார்க்குறவங்களுக்கு ஆபீசர் அடிச்ச மாதிரியே இருக்கும்."

"என்ன சங்கதி?"

"அதைச் சொல்ல முடியாது சாமி."

"சரி. பொய்யைச் சொல்லு. அதாவது சொல்ல முடியுமா பார்ப்போம்."

வேடியப்பன் தொண்டையைச் செருமினான். காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். "ராத்திரி காவல்ல நிக்கும்போது உன் முகந்தான் கண்ணுல நிக்குது. உனக்காகவே உசுரோட வந்து சேருவேன். இப்படி எழுதியிருந்தேன்னு சொல்லலாம்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உன் மாமன் மகள் முகத்தைப் பார்த்து சர்க்காருக்கு என்னய்யா பயம்? அதுக்கு எதுக்கு மை?"

"அப்போ ஊர் பேருன்னு சொல்லிடுறேன்."

"நாலு வரிக்கு ஊர் பேரா? பர்மாவுல மொத்தம் எத்தனை ஊர் பட்டாளம்?"

வேடியப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. "உள்ளதைச் சொன்னா எழுந்து போயிருவா சாமி. பொய் சொன்னா இருப்பா. எனக்கு அவ இருந்தாப் போதும்."

சாமி ஈர்க்குக் குச்சியைக் கீழே வைத்தார். கட்டைப் பிரித்து, மை அடித்த கடிதம் ஒன்றைத் தேடி எடுத்தார். படிக்கவில்லை. இலையைத் திருப்புவது போலக் காகிதத்தைத் திருப்பினார்.

"எதுமேல வச்சு எழுதின?"

"கம்பளியை மடிச்சு முழங்கால்மேல போட்டு, அதுமேல வச்சு. பென்சில்ல."

"அழுத்தி எழுதுவியா?"

"எழுத்து சரியா வராது. அழுத்தித்தான் எழுதுவேன்."

"இந்தக் கறுப்பு என்ன?"

"அடுப்புக்கரி. சமையல்கட்டுல வச்சிருந்திருப்பா."

சாமி அடுத்த கடிதத்தைத் திருப்பினார். பிறகு இன்னொன்றை. ஆறையும் பின்பக்கம் மேலே தெரிய வரிசையாகப் பரப்பினார். மை இல்லாத மற்றக் கடிதங்களில் நாலைந்தையும் அப்படியே திருப்பிப் பக்கத்தில் வைத்தார். அவற்றில் கரி இல்லை. இந்த ஆறில் மட்டும், முன்பக்கம் மை அடித்திருந்த இடத்துக்கு நேர் பின்னால் மட்டும், கரி தேய்த்திருந்தது. விரல் நுனியால் மெதுவாக, பல தடவை தேய்த்த கரி.

வேடியப்பன் குனிந்தான்.

பென்சில் அழுத்திய இடமெல்லாம் பின்பக்கம் புடைத்திருந்தது. புடைப்பில் கரி ஏறியிருந்தது. எழுத்துகள் இடம்வலம் மாறி நின்றன. வேறு யாராக இருந்தாலும் கண்ணாடியில் காட்டித்தான் படிக்க வேண்டும். அவனுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

"படி" என்றார் சாமி.

அவன் வரியின்மேல் கட்டைவிரலை வைத்தான்.

"அந்த ஜப்பான்காரன் கையில துப்பாக்கி இல்ல." குரல் அவனுடையது போல இல்லை. "கால்ல அடிபட்டுக் கிடந்தான். என்னைப் பார்த்து ரெண்டு கையையும் குவிச்சு வாய்கிட்ட கொண்டுபோனான். தண்ணி கேக்குறான்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் சுட்டேன் சாலம்மா."

மடத்துக்குப் பின்னால் ஆடு ஒன்று கத்தியது.

"அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சவ" என்றான் வேடியப்பன். "ஒவ்வொண்ணையும் படிச்சிருக்கா. மை அடிச்ச முதல் கடுதாசி போட்டே மூணு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறமும் எனக்கு எழுதிக்கிட்டுத்தான் இருந்தா. மாடு கன்னு போட்டதை எழுதினா. மழை பெஞ்சதை எழுதினா."

"ம்."

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்கு சாமி இவ்வளவு தூரம் நடந்து வந்து கேக்குறா?"

சாமி கடிதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி அவன் பக்கம் தள்ளினார். ஈர்க்குக் குச்சியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"கடுதாசி முப்பத்தொண்ணும் வந்து சேர்ந்திருச்சு பட்டாளம். ஆளு இன்னும் வந்து சேரலையே."

வேடியப்பன் எழுந்தான். கட்டைக் கட்டாமல், தளர்ந்த காகிதங்களை இரண்டு கைகளாலும் மார்போடு பிடித்துக்கொண்டு குளக்கரைப் பக்கம் நடந்தான்.

அவன் வருவதைச் சாலம்மாள் பார்த்தாள். பக்கத்தில் வைத்திருந்த சோற்று மூட்டையை எடுத்து மறுபக்கம் வைத்து, ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.